லாரி ஓட்டுநர் யாருக்கு போன் செய்வார்? சூடான் போர்நிறுத்தங்களும் நிவாரணப் பணியாளர்களும்

கேள்வி இதுதான்: "அமெரிக்கா, சவூதி, ஆப்பிரிக்க ஒன்றியம், ஐ.நா. என்று இத்தனை பேர் பேசியும் சூடான் உள்நாட்டுப் போரை ஏன் நிறுத்த முடியவில்லை? அது போகட்டும், சாப்பாடும் மருந்தும் கொண்டுபோகிறவர்களையாவது காப்பாற்ற முடியாதா?"

கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். சமரசம் பேசுகிறவர்களில் பலரும் அப்படித்தான் பிரிக்கிறார்கள்: முதலில் போர் நிற்கட்டும், பணியாளர்களின் பாதுகாப்பு தானாக வரும் என்று. சூடானின் கடந்த நாற்பது ஆண்டுகளைப் படித்தால் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. நிவாரணத்துக்கு வழிவிடும் சின்ன ஒப்பந்தம் எங்கே தரையில் நின்றதோ, அங்கேதான் பெரிய சமாதானத்துக்கு அஸ்திவாரம் விழுந்தது. அது நிற்காதபோது மேலே போட்ட கையெழுத்தெல்லாம் காகிதத்தோடு போயிற்று. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2023 ஏப்ரல் 15, போரின் முதல் நாள். சூடானின் மேற்கே வட டார்ஃபூரில் கப்காபியா என்ற ஊரில் உலக உணவுத் திட்டத்தின் பணியாளர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் தலைநகர் கார்ட்டூமின் விமான நிலையத்தில் நின்றிருந்த மனிதாபிமானப் பணி விமானமும் குண்டுபட்டுச் சேதமடைந்தது. உலக உணவுத் திட்டம் நாடு முழுவதும் வேலையை நிறுத்தியது. மே மாதம்தான் மறுபடி தொடங்க முடிந்தது. போர் நீண்டு, கட்டுப்பாடு குலைந்த பிறகு நடந்த சம்பவம் இல்லை இது. முதல் குண்டு வெடித்த அன்றே உணவு கொடுக்கிறவர்களும் செத்தார்கள். அன்றைக்கே இதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துப் பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

போர் யாருக்கும் யாருக்கும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் ஜெனரல் அப்தல் ஃபத்தா அல்-புர்ஹானின் ராணுவம். மறுபக்கம் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் டகாலோவின் துரித ஆதரவுப் படை, செய்திகளில் ஆர்.எஸ்.எஃப். என்று வரும். இந்தப் படையின் வேர், 2003 முதல் டார்ஃபூரில் ஊர் ஊராக எரித்த ஜன்ஜவீத் கும்பல்களில் இருக்கிறது. 2021 அக்டோபரில் இருவரும் சேர்ந்துதான் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அப்புறம் ஆர்.எஸ்.எஃப்.பை ராணுவத்தோடு எத்தனை ஆண்டுகளில் இணைப்பது என்பதில் முட்டிக்கொண்டார்கள். ராணுவம் இரண்டு ஆண்டு என்றது, ஹெமெட்டி தரப்பு பத்து ஆண்டு என்றது. 2022 டிசம்பரில் வெளிநாட்டுத் தூதர்கள் பெருமுயற்சி எடுத்துக் கையெழுத்திட வைத்த, சிவிலியன் ஆட்சிக்குத் திரும்புவதற்கான சட்டக ஒப்பந்தம் இந்தக் கேள்வியைத் தீர்க்காமல் கெடுவை மட்டும் நெருக்கியது. இரண்டு பெரிய ஆயுதப் படைகள் ஒரே தலைநகரில் உட்கார்ந்திருக்கும்போது அதைச் செய்தது பெரிய பிழை.

சரி, சவூதியின் ஜித்தா நகரில் நடந்த பேச்சுக்கு வருவோம். 2023 மே 11 அன்று, சவூதியும் அமெரிக்காவும் நடுவில் இருக்க, சூடான் மக்களைப் பாதுகாப்பதற்கான உறுதிமொழியில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. வாசித்துப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத ஆவணம். பொதுமக்களைத் தாக்கக் கூடாது, மருத்துவமனைகளை விட்டுப் படைகள் வெளியேற வேண்டும், நிவாரணப் பொருள்களையும் பணியாளர்களையும் தடுக்கக் கூடாது, இறந்தவர்களை மரியாதையோடு அடக்கம் செய்ய விட வேண்டும். மே 20 அன்று ஏழு நாள் போர்நிறுத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்து, இன்னும் ஐந்து நாள் நீட்டிக்கப்பட்டது. மே 31 அன்று ராணுவம் பேச்சிலிருந்து விலகிக்கொண்டது. ஆர்.எஸ்.எஃப். வீரர்கள் கார்ட்டூமில் மக்களின் வீடுகளுக்குள்ளும் மருத்துவமனைகளுக்குள்ளும் உட்கார்ந்துகொண்டு வெளியேற மறுக்கிறார்கள் என்பது ராணுவத்தின் புகார். அது உண்மையும்கூட. அதே நேரம் ராணுவ விமானங்கள் குடியிருப்புகள் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தன, அதுவும் உண்மை.

ஜித்தா ஒப்பந்தத்தில் கண்காணிப்புக் குழு இருந்தது. ஆனால் அது ஜித்தாவில் இருந்தது. கார்ட்டூமின் எந்தத் தெருவிலும் "இன்று காலை இந்தச் சாவடியில் இந்த லாரியை இன்னார் நிறுத்தினார்" என்று எழுதி வைக்க ஓர் ஆள் இல்லை. மீறியது யார் என்பதை நேரில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், மீறுவதற்கு விலையும் இல்லை. இரு தரப்பும் எதிராளியைக் கைகாட்டியே தப்பிவிடலாம், தப்பினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் மறுபடி ஜித்தாவில் கூடினார்கள்; நவம்பரில் மறுபடி வாக்குறுதி; டிசம்பரில் அதுவும் ஓய்ந்தது.

அதன் பிறகு மேசைகள் பெருகின. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஐகாட் ஒரு பக்கம், ஆப்பிரிக்க ஒன்றியம் ஒரு பக்கம், எகிப்து ஒரு பக்கம். 2024 ஜனவரியில் சூடான் ஐகாட்டில் தன் உறுப்புரிமையையே நிறுத்தி வைத்தது. இதற்கிடையே ஐ.நா.வின் தூதர் ஃபோல்கர் பெர்த்தஸ் "விரும்பத்தகாதவர்" என்று அறிவிக்கப்பட்டுப் பதவி விலகினார், நாட்டில் இருந்த ஐ.நா. அரசியல் பணிக்குழுவின் பணிக்காலம் 2023 டிசம்பரில் முடித்து வைக்கப்பட்டது. ஒரு மேசை கசந்தால் அடுத்த மேசைக்குப் போகலாம் என்ற வசதி தளபதிகளுக்குக் கிடைத்தது. பத்துப் பேர் சமரசம் பேசினால் பத்து மடங்கு நன்மை என்று நாம் நினைக்கிறோம். எந்தப் பேச்சிலும் கட்டுப்படாமல் எல்லாப் பேச்சிலும் கலந்துகொள்ள அது வழிவிடுகிறது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சமரசம் பேசும் நாடுகளில் சில இந்தப் போரில் தரப்பு எடுத்தவை. எகிப்து ராணுவத்தின் நெருங்கிய நண்பன். ஐக்கிய அரபு அமீரகம் ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் தருகிறது என்ற குற்றச்சாட்டை ஐ.நா. நிபுணர் குழு நம்பத்தக்கது என்று 2024-இல் எழுதியது. அமீரகம் தொடர்ந்து மறுக்கிறது. டார்ஃபூரிலும் மற்ற இடங்களிலும் தோண்டும் தங்கம் வெளியே போகிறது, பணமும் ஆயுதமும் உள்ளே வருகின்றன. இந்தக் குழாய் திறந்திருக்கும்வரை இரண்டு தளபதிகளுக்கும் "இன்னும் ஆறு மாதம் அடித்தால் ஜெயித்துவிடலாம்" என்ற கணக்கு சரியாகவே படும். இந்த நாடுகளை ஒதுக்கிவிட்டும் பேச முடியாது, ஏனென்றால் குழாயின் திருகு அவர்கள் கையில்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கா, சவூதி, அமீரகம், எகிப்து நான்கும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன: மூன்று மாத மனிதாபிமானப் போர்நிறுத்தம், பிறகு நிரந்தரப் போர்நிறுத்தம், பிறகு ஒன்பது மாதத்தில் சிவிலியன் ஆட்சிக்கு மாற்றம். எதிரெதிர்த் தரப்புகளின் புரவலர்கள் ஒரே தாளில் கையெழுத்திட்டது முக்கியமான நகர்வு என்றே நினைத்தேன். நவம்பர் 6 அன்று ஆர்.எஸ்.எஃப். சம்மதம் சொன்னது, ஆனால் வட டார்ஃபூரின் தலைநகரான எல் ஃபாஷரைப் பிடித்துப் படுகொலை செய்து பத்து நாள் ஆன பிறகு. புர்ஹான் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை.

எல்லாமே தோல்விதான் போலிருக்கிறதே என்று தோன்றும். அப்படி இல்லை. இதே சூடானில் வேலை செய்த ஒரு முயற்சியைச் சொல்கிறேன். இதை நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இப்போதைய பேச்சுகளில் இது யாருக்கும் நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை.

வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த பழைய போரில், நூபா மலைப்பகுதி இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. 1989-இல் ஐ.நா., அரசு, தெற்குப் போராளிகள் மூவரும் ஒப்புக்கொண்டு ஆரம்பித்த பெரிய நிவாரணத் திட்டத்தில், போராளிகள் கையில் இருந்த நூபா பகுதிகள் சேர்க்கப்படவில்லை. பத்தாண்டுக்கும் மேலாக அந்த மலை மக்களுக்கு வெளியிலிருந்து உதவி போவது அநேகமாக அடைபட்டே கிடந்தது. 2001-இல் அமெரிக்காவின் சிறப்புத் தூதராக வந்த ஜான் டான்ஃபோர்த் உடனடியாகப் பெரிய சமாதானம் பேசவில்லை. இரு தரப்புக்கும் நான்கு சோதனைகள் வைத்தார். அவற்றில் ஒன்று நூபா மலையில் போரை நிறுத்தி நிவாரணத்துக்கு வழிவிடுவது. 2002 ஜனவரி 19 அன்று சுவிட்சர்லாந்தின் பூர்கன்ஸ்டாக்கில் கையெழுத்தானது. ஆறு மாதத்துக்குத்தான் முதலில் போட்டார்கள்.

அதைக் கண்காணிக்க நார்வே நாட்டு அதிகாரி ஒருவர் தலைமையில் ஒரு கூட்டு ராணுவ ஆணையம் அமைத்தார்கள். கண்காணிப்பாளர்களிடம் துப்பாக்கி கிடையாது. ஒவ்வொரு குழுவிலும் அரசுத் தரப்பு ஒருவர், போராளித் தரப்பு ஒருவர், வெளிநாட்டவர் ஒருவர். எங்காவது சூடு நடந்தது என்று தகவல் வந்தால் மூவரும் ஒரே வண்டியில் போய்ப் பார்ப்பார்கள். நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்ட படைகளின் அதிகாரிகள் ஒரே இடத்தில் நின்று, ஒரே ஊர்க்காரரிடம் கேள்வி கேட்டு, ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். பொய் சொல்வது அங்கே கஷ்டம். ஆறு மாத ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 2005 வரை நின்றது. கையெழுத்தான ஆறே மாதத்தில், 2002 ஜூலையில், கென்யாவின் மச்சாகோஸில் வடக்கும் தெற்கும் அடிப்படை உடன்பாட்டுக்கு வந்தன. கென்ய ஜெனரல் லாசரோ சும்பெய்வோ பொறுமையாக நடத்திய பேச்சுகள், அதே கென்யாவின் நைவாஷா நகர் வழியாக, 2005 ஜனவரி 9 அன்று முழுச் சமாதான ஒப்பந்தத்தில் முடிந்தன. நூபா ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எண்ணெய்ப் பணம், போரின் களைப்பு, அமெரிக்க அழுத்தம் எல்லாம் சேர்ந்தன. ஆனால் "இவர்கள் சொன்னால் செய்வார்கள்" என்று இரு தரப்பும் முதல்முறை நம்பியதற்கு அந்த மலையில் நின்ற ஆயுதமில்லாத குழுக்கள் பெரிய காரணம்.

இதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. நைவாஷா பேச்சு நடந்துகொண்டிருந்த அதே 2003-இல்தான் டார்ஃபூர் எரியத் தொடங்கியது. தெற்குச் சமாதானம் கெட்டுவிடுமோ என்று பல தலைநகரங்கள் டார்ஃபூரைப் பற்றிக் குரலைத் தாழ்த்தியே பேசின. 2004 ஏப்ரலில் சாட் நாட்டுத் தலைநகர் இன்ஜமீனாவில் டார்ஃபூருக்கும் ஒரு மனிதாபிமானப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. பிரான்ஸ் அளவுக்குப் பரந்த நிலப்பரப்புக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் முதலில் அனுப்ப முடிந்தது சில டஜன் பார்வையாளர்களையும், அவர்களுக்குக் காவலாகச் சில நூறு வீரர்களையும்தான். அந்த ஒப்பந்தம் நிற்கவே இல்லை. இரண்டும் சூடான்தான், இரண்டிலும் கிட்டத்தட்ட அதே அரசுதான். நூபாவில் பார்க்கக் கண் இருந்தது, டார்ஃபூரில் இல்லை.

இப்போதைய போரிலும் ஒரு சின்ன வெற்றி உண்டு. சாட் எல்லையில் அத்ரே என்ற கடவை. மேற்கு டார்ஃபூருக்கு உணவு போகச் சுலபமான வழி அதுதான். எதிரிக்கு ஆயுதம் வருகிறது என்று சொல்லி 2024 பிப்ரவரியில் ராணுவ அரசு அதை மூடியது. பதிலுக்கு வடக்கே தினே வழியாகப் போகச் சொன்னது. மழைக்காலம் வந்தால் அந்தப் பக்கத்து ஓடைகள் நிரம்பி லாரிகள் சேற்றில் புதைந்துவிடும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். அந்த ஆகஸ்ட் 1 அன்று எல் ஃபாஷர் அருகே ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. ஆகஸ்ட் 14-இல் ஜெனீவாவில் அமெரிக்கா கூட்டிய பேச்சுக்கு ராணுவம் வரவே இல்லை. தோல்வி என்றுதான் பலர் எழுதினார்கள். ஆனால் வந்திருந்த நாடுகள் கலைந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து, ராணுவத் தலைமையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தன. மறுநாள், ஆகஸ்ட் 15 அன்று, அத்ரேயை மூன்று மாதத்துக்குத் திறப்பதாக அறிவிப்பு வந்தது. பிறகு அது பலமுறை நீட்டிக்கப்பட்டது. போர்நிறுத்தம் இல்லை, கைகுலுக்கல் இல்லை, புகைப்படம் இல்லை. ஒரு வாசல் திறந்தது, தானியம் போனது. ராஜதந்திரம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இந்த மாதிரி வேலைதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஒரு நிவாரண வாகன அணி எப்படிப் போகிறது என்று தெரிந்தால், ஏன் காப்பாற்ற முடியவில்லை என்பது புரியும். கிளம்புவதற்கு முன்பே அரசின் மனிதாபிமான உதவி ஆணையத்திடம் பயண அனுமதி வாங்க வேண்டும். ராணுவ உளவுத்துறை சரி சொல்ல வேண்டும். ஆர்.எஸ்.எஃப். பகுதிக்குள் நுழைய வேண்டுமானால் அவர்கள் தனியாக வைத்திருக்கும் நிவாரண முகமையிடம் இன்னோர் அனுமதி. ஒருவர் கொடுத்த தாளை மற்றவர் மதிப்பதில்லை. சில நேரம் அந்தத் தாள் கையில் இருப்பதே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடும். பாதை, நாள், வண்டிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஐ.நா. இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிவிக்கும், தவறிப்போய்க்கூட யாரும் சுடக் கூடாது என்பதற்காக. அப்புறம் வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். சாவடியில் நிற்பவன் தலைமையகத்தில் என்ன பேசினார்கள் என்று அறியாத ஓர் இளைஞன். அவனிடம் சரக்குப் பட்டியலை நீட்டி, வண்டியைத் திறந்து காட்டி, "இது மாவு, இது குழந்தைகளுக்கான சத்துணவு" என்று விளக்குகிறவர் ஓட்டுநர்.

2025 ஜூன் 2 இரவு நடந்ததைப் பாருங்கள். உலக உணவுத் திட்டமும் யுனிசெஃபும் சேர்ந்து அனுப்பிய 15 லாரிகள் போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வட டார்ஃபூரில் அல் கோமா வரை வந்துவிட்டன. எல் ஃபாஷருக்கு இன்னும் 80 கிலோமீட்டர்தான். ஓர் ஆண்டுக்கும் மேலாக எந்த ஐ.நா. வாகன அணியும் போய்ச் சேராத நகரம் அது. ஆர்.எஸ்.எஃப். போட்ட முற்றுகைக்குள் மக்கள் கால்நடைத் தீவனத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். கடைசி அனுமதிக்காக அல் கோமாவில் வண்டிகள் நின்றிருந்தபோது தாக்குதல் நடந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள், லாரிகள் எரிந்தன. பாதையை இரு தரப்புக்கும் முன்பே சொல்லியிருந்தோம் என்றது ஐ.நா. ராணுவம் ஆர்.எஸ்.எஃப்.பைச் சொன்னது, ஆர்.எஸ்.எஃப். ராணுவத்தின் விமானத்தைச் சொன்னது. நூபாவில் இருந்ததுபோல மூவர் ஒரே வண்டியில் போய்ப் பார்க்கும் குழு இருந்திருந்தால் மறுநாளே பதில் தெரிந்திருக்கும். 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். அந்தக் கணக்கை என்னால் மனத்திலிருந்து எடுக்க முடியவில்லை. ஆகஸ்ட் 20 அன்று மெல்லிட் பக்கம் இன்னொரு அணி தாக்கப்பட்டு மூன்று லாரிகள் எரிந்தன. அந்த முறை ஆள்கள் தப்பினார்கள். எல் ஃபாஷர் அக்டோபர் 26 அன்று விழுந்தது. அங்கே சவூதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகத் தகவல் வந்திருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. அதே நாள்களில் வட கொர்டோஃபானின் பாராவில் உணவு விநியோகத்தில் இருந்த சூடான் செம்பிறைச் சங்கத் தொண்டர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். சங்கத்தின் அடையாள மேலங்கி அணிந்திருந்தார்கள்.

உலகம் முழுக்க 2024-இல் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்குச் சொல்கிறது. அதில் காசாவில் 181 பேர், சூடானில் 60 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்கள். வெளிநாட்டு அதிகாரி ஒருவர் இறந்தால் நாலு தலைநகரங்களில் அறிக்கை வரும். உள்ளூர் ஓட்டுநர், உள்ளூர் செவிலியர், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் காவலாளி இறந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும். நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில், பிரெஞ்சு நிவாரண நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில், அதன் சீருடைச் சட்டையோடு இருந்த 17 உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் நார்வே நடுவில் நின்று செய்த 2002 போர்நிறுத்த ஒப்பந்தம் அன்று சட்டப்படி உயிரோடுதான் இருந்தது. அந்தக் கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

சூடானில் உண்மையில் சோறு போடுகிறவர்கள் யார் என்று கேட்டால், அவசர உதவி அறைகள் என்ற பெயரில் இயங்கும் உள்ளூர் இளைஞர்கள். 2019-இல் அதிபர் அல்-பஷீரைப் பதவியிலிருந்து இறக்கிய போராட்டத்தில் வளர்ந்த தெருக்குழுக்களே போர் வந்ததும் இப்படி மாறின. ஒரு பெரிய பாத்திரம், விறகு, பருப்பு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் வங்கிச் செயலி வழியே அனுப்பும் பணம். இதை வைத்து ஒரு தெருவுக்கே சமைக்கிறார்கள். ஐ.நா. வண்டி நுழைய முடியாத இடங்களிலெல்லாம் இவர்கள் இருந்தார்கள், ஏனென்றால் அதுதான் அவர்கள் வீடு. அதற்காகவே இரு தரப்பும் அவர்களைச் சந்தேகப்பட்டன. எதிரிப் பகுதியில் சமைத்தாய், அப்படியென்றால் நீ எதிரி ஆள் என்று பிடித்துப்போனார்கள், அடித்தார்கள், சிலர் திரும்பவில்லை. 2025-இல் இந்த அமைப்புக்கு ரைட் லைவ்லிஹுட் விருதும் ராஃப்டோ விருதும் கிடைத்தன. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உதவிப் பணம் திடீரென்று நின்றபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையல் கூடங்கள் மூடின. விருது கொடுத்த உலகமும் பணத்தை நிறுத்திய உலகமும் ஒன்றுதான். போர்நிறுத்த வரைவுகளில் "மனிதாபிமானப் பணியாளர்" என்ற சொல் வரும் இடத்தில் இந்தத் தொண்டர்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். பதிவுபெற்ற நிறுவனத்தின் அடையாள அட்டை அவர்களிடம் இருக்காது. அட்டை இல்லாதவரைச் சாவடியில் நிற்பவன் பணியாளர் என்று ஏற்க மாட்டான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. உள்நாட்டுப் போரிலும் நிவாரணப் பணியாளர்களை வேண்டுமென்றே தாக்குவது, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் அடிப்படைச் சட்டமான ரோம் சாசனப்படி, போர்க்குற்றம். 2024 மே 24 அன்று பாதுகாப்பு கவுன்சில், சுவிட்சர்லாந்து கொண்டுவந்த 2730-ஆம் தீர்மானத்தை 14 வாக்குகளோடு நிறைவேற்றியது, ரஷ்யா மட்டும் வாக்களிக்கவில்லை. பணியாளர்களைத் தாக்குவதைக் கண்டித்து, உள்ளூர்ப் பணியாளர்களையும் தெளிவாகக் குறிப்பிட்ட தீர்மானம். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் சூடானுக்கென்று வந்த பொதுமக்கள் பாதுகாப்பு வரைவை ரஷ்யா ரத்து அதிகாரத்தால் தடுத்தது. நீதிமன்றமும் இருக்கிறது. 2003, 2004-இல் டார்ஃபூரில் நடந்த குற்றங்களுக்காக ஜன்ஜவீத் தலைவர் அலி குஷைப் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 20 ஆண்டு சிறை பெற்றது 2025-இல். இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்குள் அந்த மண்ணில் அடுத்த தலைமுறை துப்பாக்கி தூக்கிவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிகிறது. இன்றிரவு அல் கோமாவில் நிற்கும் லாரியை அது காப்பாற்றாது.

"ஐ.நா. படையை அனுப்பினால் என்ன?" என்பது அடுத்து வரும் கேள்வி. டார்ஃபூரில் ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து வைத்திருந்த படையின் பணிக்காலம் 2020 டிசம்பரோடு முடித்துக்கொள்ளப்பட்டது. மறுபடி அனுப்பக் கவுன்சிலில் ஒப்புதல் வேண்டும், சூடான் அரசு சம்மதிக்க வேண்டும். இரண்டும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. படை இருந்தாலே போதும் என்றும் இல்லை. 2016 ஜூலையில் தெற்கு சூடானின் ஜூபாவில், டெரைன் என்ற தங்குமிடத்துக்குள் அரசுப் படையினர் புகுந்து பணியாளர்களை மணிக்கணக்கில் வதைத்தபோது, சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஐ.நா. படை முகாம் இருந்தது. உதவி கேட்டு அழைப்புகள் போயின. யாரும் வரவில்லை. பிறகு படைத் தளபதி நீக்கப்பட்டார். 2018-இல் பத்துப் படையினருக்கு அந்நாட்டு ராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் சாட்சி சொன்னதால் கிடைத்த அபூர்வமான தீர்ப்பு அது.

அப்படியானால் என்னதான் செய்வது? என் கணிப்பில், நாடு முழுவதற்குமான மூன்று மாத நிறுத்தத்துக்குக் காத்திருப்பதைவிட, ஒரு சாலை, ஒரு நகரம், ஒரு கடவை என்று எடுத்துப் பேசுவது பலன் தரும். அந்தச் சாலையில் இரு தரப்பு அதிகாரிகளும் வெளியாரும் சேர்ந்த கண்காணிப்புக் குழு நிற்க வேண்டும். ஆர்.எஸ்.எஃப். சாவடியில் லாரி எரிந்தால் அமீரகத்துக்கும், ராணுவ விமானம் குண்டு போட்டால் எகிப்துக்கும் அன்றைக்கே விளக்கம் கேட்டுத் தொலைபேசி போக வேண்டும், மற்ற நாடுகளிடமிருந்து, பகிரங்கமாக. இதெல்லாம் தளபதிகளின் போர் ஆசையை அணைத்துவிடாது, அது எனக்கும் தெரியும். இந்த முறை அடித்துக்கொள்வது இரண்டு படைகள், அவை நடத்தும் இரண்டு பொருளாதாரங்கள்; 2002-இல் இருந்த மாதிரி அரசியல் கோரிக்கையோடு வந்த இயக்கம் எதிரே இல்லை. அதனால் நூபா முறை அப்படியே பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன இடத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பழகாதவர்களைப் பெரிய இடத்தில் நம்பிக் கையெழுத்து வாங்குவதை ஜித்தாவில் பார்த்துவிட்டோம்.

இனி சூடானில் போர்நிறுத்தம் என்று செய்தி வந்தால், எத்தனை நாள், எந்த ஊரில் கையெழுத்தானது, யார் யார் கைகுலுக்கினார்கள் என்பதை நான் கடைசியில்தான் படிப்பேன். முதலில் தேடுவது வேறு: சாலையில் நின்று பார்க்கப்போவது யார், அவர்கள் எந்த ஊரில் தங்குவார்கள், சமையல் கூடத்துத் தொண்டர்களும் அதில் சேர்த்தியா, சாவடியில் லாரியை நிறுத்தினால் ஓட்டுநர் எந்த எண்ணுக்கு போன் செய்ய வேண்டும், நள்ளிரவிலும் அதை எடுப்பார்களா.